சிஓ2-வில் பெயின்ட்பால் மார்க்கர் ஓட்டி நான் பட்ட பாடு

என் பையனுக்கு 14 வயது நடக்கும்போது, நண்பன் ஒருவனின் பிறந்தநாளுக்குப் போய் பெயின்ட்பால், அதாவது சாய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுடும் ஆட்டம், விளையாடிவிட்டு வந்தான். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே. சட்டையெல்லாம் ஆரஞ்சுச் சாயம், தொடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்றிப்போன தழும்பு, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாரக் கடைசியில் திரையை விட்டு எழுந்திருக்காத பிள்ளை நாள் முழுக்க வெயிலில் ஓடிவிட்டு வந்திருக்கிறானே என்று எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. அடுத்த மாதமே பழைய டிப்மன் 98 கஸ்டம் மார்க்கர் (உருண்டை சுடும் துப்பாக்கிக்கு அதுதான் பெயர்) ஒன்றும், 20 அவுன்ஸ் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) டேங்க் இரண்டும் சேர்த்து 120 டாலருக்கு ஒருவரிடம் வாங்கினேன். முகமூடி மட்டும் புதிதாக வாங்கினேன். கண் சம்பந்தப்பட்டது, அதில் பழசு வேண்டாம். அது 2018 செப்டம்பர். அடுத்த ஐந்து மாதம் அந்த டேங்க்குகளோடு நான் பட்ட அவஸ்தையை யாராவது முதல் நாளே சொல்லித் தந்திருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், ஒரு பெரிய பயத்திலிருந்தும் தப்பித்திருப்பேன். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

களத்தில் இரண்டு வகை டேங்க்கும் பார்த்தேன். ஒன்று அழுத்தக் காற்று, இன்னொன்று சிஓ2. காற்று டேங்க் அன்றைக்கு 65 டாலர் சொன்னார்கள். சிஓ2 டேங்க் புதிதாக வாங்கினாலே 25தான், நமக்கோ மார்க்கரோடேயே வந்துவிட்டது. ஒரு தடவை நிரப்ப 5 டாலர், எழுநூறு எண்ணூறு உருண்டை சுடலாம். இரண்டுமே ஏதோ ஒரு வாயு, உள்ளே போய்த் தள்ளப் போகிறது, இதில் என்ன வித்தியாசம் என்றுதான் நினைத்தேன். என் தப்பு முழுக்க அந்த நினைப்பில்தான் இருந்தது.

முதல் சனிக்கிழமை காலை எல்லாம் நன்றாகத்தான் போனது. எந்தக் களத்திலும் விளையாடுவதற்கு முன் கிரோனோ என்கிற வேகமானியில் சுட்டுக் காட்ட வேண்டும். எங்கள் களத்தில் வினாடிக்கு 280 அடி வரைதான் அனுமதி. எங்களுக்கு 275 காட்டியது. மதியம் வெயில் ஏறி 29 டிகிரி செல்சியஸ் ஆனது. யாரோ புகார் சொன்னார்கள் என்று ரெஃப்ரி வந்து மறுபடி அளந்தார். 312. அப்படியே பையனை வெளியே அனுப்பிவிட்டார். நான் சண்டைக்குப் போகவில்லை, அவர் செய்ததுதான் சரி. வேகம் 280-லிருந்து 312 ஆகும்போது உருண்டை தாங்கி வரும் சக்தி கிட்டத்தட்ட கால் பங்கு கூடுகிறது. எதிரே நிற்பதும் யாரோ பெற்ற பிள்ளைதான். ஆனால் என் பையன் முகமூடியைக் கழற்றாமலேயே கார் வரைக்கும் நடந்து வந்தான். அழுதிருக்கிறான் என்று பின்னால்தான் தெரிந்தது.

வேகத்தைக் குறைக்கும் திருகை இறுக்கிவிட்டு மறுவாரம் போனோம். அன்றைக்கு மேகமூட்டம், உருண்டைகள் பாதி தூரத்திலேயே விழுந்தன. திருகைத் தளர்த்தினேன். இரண்டு சுடுகைக்குப் பிறகு ஒன்று மட்டும் பேய் வேகத்தில் பறந்தது. இப்படியே ஏற்றுவதும் இறக்குவதுமாக நான்கு வாரக் கடைசிகள் போயின. மார்க்கரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி 45 டாலருக்குப் புதுக் குழல் வாங்கினேன், 28 டாலருக்கு உள்பாகங்களின் கிட் வாங்கி ராத்திரி பதினோரு மணி வரை சமையலறை மேசையில் பிரித்து மாட்டினேன். 73 டாலர். ஒரு பைசாவுக்குப் பயனில்லை. மார்க்கரில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. நீங்களும் இந்த நிலையில் இருந்தால் தயவுசெய்து குழலை மாற்றாதீர்கள், முதலில் டேங்க்கைப் பாருங்கள்.

உண்மையைக் கண்டுபிடித்தது என் பையன். அக்டோபரில் ஒரு நாள் சுடும்போது குழல் வாயிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. கூடவே பொடிப் பொடியாகப் பனித்துகள். டேங்க் மாட்டும் இடத்தில் உறைபனி பூத்து, விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது. பையன் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் படுத்துக்கொண்டு மார்க்கரைத் தலைகீழாகப் பிடித்துச் சுட்டுப் பார்த்திருக்கிறான். ஆட்டம் முடிந்து ஓடி வந்து, "அப்பா, கவிழ்த்துப் பிடிச்சா புகையே வரலப்பா, நேரா பிடிச்சாத்தான் வருது" என்றான். நானும் சுட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ஆனால் இன்னொரு டேங்க்கை மாட்டினால் எப்படிப் பிடித்தாலும் புகை, அது பாதி காலியான பிறகுதான் நின்றது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஊரில் எங்கள் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. சமையல் கேஸ் சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளதளவென்று சத்தம் கேட்கும். கேஸ் என்றுதான் பெயர், உள்ளே இருப்பது திரவம். மேலே நிற்கும் ஆவிதான் குழாய் வழியே அடுப்புக்குப் போகிறது. அதனால்தான் சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது என்பார்கள். சிஓ2 டேங்க்கும் அச்சு அசல் அதே கதை. உள்ளே திரவம், மேலே ஆவி. ஆவியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு நிரப்பினோம் என்பது இல்லை, டேங்க் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான். 0 டிகிரியில் சுமார் 500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு). 21 டிகிரியில் சுமார் 850. 30 டிகிரியில் 1,000-ஐத் தாண்டிவிடும். கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது. காலையில் 275 காட்டிய மார்க்கர் மதியம் 312 காட்டியது ஏன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காலையில் ஒரு தடவை அளந்தோம், முடிந்தது என்று இருக்காதீர்கள். வெயில் ஏறினால், மேகம் போட்டால், டேங்க் மாற்றினால், திரும்ப கிரோனோவுக்குப் போங்கள்.

புகைக்குக் காரணம் திரவமே மார்க்கருக்குள் போனது. டிப்மன் 98-இல் டேங்க் கைப்பிடியின் அடியில் படுக்கைவாட்டில் மாட்டப்படுகிறது. வால்வின் துளை டேங்க்கின் நடு அச்சில் இருக்கிறது. முழுசாக நிரப்பிய டேங்க்கில் திரவம் பாதிக்கு மேல் நிற்கும். அப்படியென்றால் படுக்க வைத்த டேங்க்கில் அந்தத் துளை திரவத்துக்குள் மூழ்கித்தான் இருக்கும். குழலைக் கீழே தாழ்த்திப் பிடித்தால் இன்னும் மோசம், டேங்க்கின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு மொத்தமும் வால்வை நோக்கி ஓடி வரும். உள்ளே போன திரவம் திடீரென்று கொதித்து ஆவியாகும்போது ஒரு உருண்டை பறக்கும், அடுத்தது தொப்பென்று விழும். ரப்பர் வளையங்கள் உறைந்து விறைத்துவிடும்.

இதற்கு மருந்து ஆன்டி-சைஃபன் குழாய். வால்வின் உள்பக்கம் திருகி மாட்டும் சின்னக் குழாய், நுனி வளைந்து மேல்நோக்கி இருக்கும். டேங்க் படுத்திருந்தாலும் மேலே உள்ள ஆவியை மட்டும் எடுக்கும். இதில் யாரும் சொல்லாத சூட்சுமம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மார்க்கரிலும் மரை முடியும் இடம் வேறு. ஒரு மார்க்கரில் டேங்க்கை முடுக்கினால் எந்தப் பக்கம் மேலே வந்து நிற்கிறதோ, இன்னொன்றில் அந்தப் பக்கம் கீழே போய் நிற்கலாம். என்னிடம் இருந்த ஒரு டேங்க்கில் குழாய் இருந்தது, ஆனால் வேறு ஏதோ மார்க்கருக்காக மாட்டியது. எங்கள் மார்க்கரில் அதன் நுனி தரையைப் பார்த்து நின்று திரவத்தை மட்டும் தேர்ந்தெடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. குழாயே இல்லாமல் இருந்திருந்தால் பாதி டேங்க்குக்குப் பிறகாவது சரியாகியிருக்கும். பழைய டேங்க் வாங்குபவர்கள் உள்ளே குழாய் இருக்கிறதா, எந்த மார்க்கருக்காக மாட்டியது என்று கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால், பையன் செய்த மாதிரி நேராகவும் கவிழ்த்தும் குறி பார்க்கும் இடத்தில் சுட்டுப் பாருங்கள், டேங்க் தானே சொல்லிவிடும்.

சரி செய்ய வீட்டில் வால்வைக் கழற்றாதீர்கள். நான் மார்க்கரையும் இரண்டு டேங்க்கையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் டேங்க்கை மார்க்கரில் மாட்டி, மேலே வந்த பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். பிறகு காலி செய்து, வால்வைக் கழற்றி, குழாயை அந்தக் கோட்டுக்கு நேராகத் திருப்பி மாட்டித் தந்தார். 15 டாலர். மற்ற டேங்க்கைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இந்த அளவு டேங்க்குகளுக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும், தேதி உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடையதில் இருந்தது 2011. இரண்டு வருஷமாகக் காலாவதியான டேங்க்கை என் பையன் தாடைக்குப் பக்கத்தில் வைத்து ஓடியிருக்கிறான், களத்தில் நிரப்பித் தந்தவர்களும் தேதியைப் பார்க்கவில்லை. சோதனைச் செலவு புது டேங்க் விலையை விட அதிகம் என்பதால் 25 டாலருக்குப் புதிது வாங்கினேன். பழையதை அங்கேயே செல்லாததாக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அது செப்டம்பர் கடைசியில், இந்த விஷயங்கள் எதுவும் தெரிவதற்கு முன்பு. களத்தில் எடை பார்க்காமல் ஒரு பையன் டேங்க்கை நிரப்பித் தந்தான். அதைப் பின் இருக்கையில் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனோம். நல்ல வெயில். திரும்பி வரும்போது பத்தடி தூரத்தில் டமால் என்று ஒரு சத்தம், கண்ணாடியெல்லாம் உள்ளே வெள்ளையாக மூடிக்கொண்டது. டேங்க் வெடிக்கவில்லை. அழுத்தம் எல்லை மீறினால் உடைந்து வாயுவை வெளியேற்றுவதற்கென்றே வால்வில் ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அதுதான் உடைந்தது. சூடேறினால் திரவம் விரியும். அளவுக்கு மேல் நிரப்பியிருந்தால் ஆவிக்கு இடமே இல்லாமல் திரவம் டேங்க்கை அடைத்துக்கொண்டு அழுத்தம் கிடுகிடுவென ஏறும். 20 அவுன்ஸ் என்பது 567 கிராம், வாயுவாகும்போது ஏறத்தாழ 300 லிட்டர். ஒரு காரின் உள்ளே அது பத்தில் ஒரு பங்கு காற்று. நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தால் மயங்கி விழ அதுவே போதும். நான்கு கதவையும் திறந்துவிட்டு, தூரமாக நின்று, கால் மணி நேரம் கழித்துத்தான் கிட்டப் போனேன். அன்றிலிருந்து நிரப்பும்போது தராசைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். காலி எடையை டேங்க்கிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். வெயில் காலத்தில் 18 அவுன்ஸ் போதும் என்கிறேன். டேங்க்கை மர நிழலில் வைக்கிறேன், காரில் விடுவதே இல்லை. தகடு மாற்ற 10 டாலர், அதையும் கடையில்தான் மாற்ற வேண்டும், டேங்க்குக்கு உரிய அளவுத் தகடுதான் போட வேண்டும்.

ஓ-ரிங் சின்ன விஷயம், ஆனால் ஒரு நாளையே கெடுத்துவிடும். டேங்க் வால்வின் நுனியில் உட்காரும் வளையம் கிழிந்தால் மாட்டியவுடனே உஸ்ஸென்று மொத்த வாயுவும் போய்விடும். நான் ஹார்டுவேர் கடையில் சாதாரணக் கறுப்பு ரப்பர் வளையம் வாங்கிப் போட்டேன். ஒரு நாள் முடிவதற்குள் சிஓ2-வைக் குடித்து உப்பிப்போய்க் கிடந்தது. பாலியூரித்தேன் வளையம்தான் தாங்கும், அளவு 015. பத்து வாங்கிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிழிவதற்கு முக்கியக் காரணம் அழுத்தத்தோடு டேங்க்கைக் கழற்றுவது. முக்கால் சுற்றுத் திருகியதும் வால்வின் ஊசி மூடிக்கொள்ளும். அங்கே நிறுத்தி, உருண்டை இல்லாமல், பாதுகாப்பான பக்கம் பார்த்துச் சுட்டு உள்ளே மிஞ்சிய வாயுவை வெளியேற்றிவிட்டு, அப்புறம் முழுசாகக் கழற்ற வேண்டும்.

கழற்றும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும், இது உயிர் விஷயம். டேங்க் மார்க்கரிலிருந்து கழல்வதற்குப் பதிலாக, வால்வு மார்க்கரிலேயே தங்கி டேங்க் வால்விலிருந்து கழன்றுவிட்டால், அது ராக்கெட்டாகப் பறக்கும். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வால்விலும் டேங்க்கிலும் சேர்ந்தாற்போல் ஒரே கோடாகப் போட்டிருக்கிறேன். கழற்றும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, அப்படியே அனுபவமுள்ளவரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பையனை அந்தக் கோட்டை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன்.

டிசம்பரில் ஒரு நாள், மைனஸ் 4 டிகிரி. இரண்டு ஆட்டம் முடிந்திருந்தது. பையன் சுட்டுவிட்டு விரலை எடுத்த பிறகும் மார்க்கர் தடதடவென்று தானாகச் சுட ஆரம்பித்தது. அவன் பதறி என் பக்கம் திரும்பினான். என் தோளில் இரண்டு, மார்பில் ஒன்று. அவன் சேஃப்டியை அழுத்திப் பார்த்தான், நிற்கவில்லை. நல்லவேளை முகமூடி போட்டிருந்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வலியால் இல்லை, அந்த இடத்தில் முகமூடியைத் தூக்கிவிட்டு ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற யோசனையால். காரணம் பின்னால் புரிந்தது. இந்த வகை மார்க்கரில் ஒவ்வொரு சுடுகையின் வாயுவில் ஒரு பகுதிதான் உள்ளே இருக்கும் சுத்தியலைப் பின்னால் தள்ளிக் கொக்கியில் மாட்டுகிறது. குளிரில் அழுத்தம் விழுந்தால் சுத்தியல் கொக்கி வரை போய்ச் சேராது, பாதியில் திரும்பி வந்து மறுபடி வால்வை அடிக்கும். சேஃப்டி விசையைத்தான் பூட்டும், சுத்தியலைப் பிடிக்காது. இப்படி ஆனால் குழலைத் தரையைப் பார்த்துப் பிடித்து, டேங்க்கைத் திருகி வாயுவை நிறுத்துவதுதான் வழி. பையனுக்கு அன்றைக்கே அதைப் பத்து தடவை செய்ய வைத்தேன்.

கல்யாண வீட்டுச் சமையலில் பெரிய அடுப்பு விடாமல் எரியும்போது சிலிண்டரில் பனி பூத்துத் தீ மங்கும், தண்ணீர்த் தொட்டியில் சிலிண்டரை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதை டேங்க்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வேகமாகச் சுடச் சுட டேங்க் குளிரும், அழுத்தம் விழும். அதனால் குளிரில் மூன்று நான்காகச் சுட்டு மூச்சு விடக் கொடுக்க வேண்டும். டேங்க்கை வெந்நீரில் போடுவது, ஹீட்டர் முன்னால் வைப்பது மட்டும் கூடவே கூடாது. காரில் நடந்தது கையில் நடக்கும்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது ரிமோட் லைன். டேங்க்குக்கும் மார்க்கருக்கும் நடுவே ஒரு சுருள் குழாய், 38 டாலர். டேங்க்கை வால்வு மேலே இருக்கும்படி நிமிர்த்தி ஒரு பையில் போட்டு, ஜாக்கெட்டுக்கு உள்ளே முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன். நிமிர்ந்து நிற்பதால் ஆவி மட்டும் வருகிறது, உடம்புச் சூட்டில் டேங்க் கதகதப்பாக இருக்கிறது, தப்பி வரும் கொஞ்சம் திரவமும் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது. இதற்கு ஆன்டி-சைஃபன் குழாய் இல்லாத புது டேங்க்கைப் பயன்படுத்துகிறேன். மார்க்கரில் ரெகுலேட்டர் ஒன்று சேர்த்தால் வெயிலில் ஏறும் அழுத்தத்தை அது அடக்கும். ஆனால் குளிரில் இல்லாத அழுத்தத்தை எந்த ரெகுலேட்டரும் உண்டாக்கித் தராது. அதைத்தான் முதலில் வாங்கலாம் என்று இருந்தேன், வாங்காதது நல்லதாயிற்று.

கணக்குப் பார்த்தால் மார்க்கர் விலை போக 161 டாலர், அதில் 73 சுத்த நஷ்டம். காற்று டேங்க் 65-க்குக் கிடைத்திருக்கும். இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவர் என்னைக் கேட்டால் காற்று டேங்க்கே வாங்கச் சொல்வேன், அதற்குள் திரவமே கிடையாது. பேட்டரியில் ஓடும் எலக்ட்ரானிக் மார்க்கர் என்றால் பேச்சே இல்லை, மின்சாரத்தில் திறந்து மூடும் அதன் சின்ன சோலனாய்டு வால்வைத் திரவ சிஓ2 கெடுத்துவிடும். பையன் அப்படி ஒன்றுக்கு மாறிவிட்டான், காற்றில்தான் ஓட்டுகிறான். அதற்காக சிஓ2-வைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1981 ஜூன் 27-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 12 பேர் விளையாடிய முதல் ஆட்டமே, மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் போடப் பயன்பட்ட நெல்ஸ்பாட் 007-இல், 12 கிராம் சிஓ2 குப்பிகளால்தான் நடந்தது. வாயுவின் குணம் தெரிந்தவர்களுக்கு அது இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது.

டிப்மன் இப்போது என்னுடையது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, 1 டிகிரி குளிர். டேங்க்கை ஒரு மணி நேரம் முன்பே ஜாக்கெட்டுக்குள் கட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கினேன். மார்க்கரில் வாயு நுழையும் இணைப்பில் இரண்டு சொட்டு பெயின்ட்பால் எண்ணெய் விட்டேன். பையன் நகப்பூச்சுக் கோட்டைப் பார்த்து, "சேர்ந்துதான் இருக்குப்பா" என்றான். கிரோனோவில் மூன்று உருண்டை சுட்டேன். 268, 271, 269. மதியம் ஆட்டம் முடிந்து மறுபடி போய்ச் சுட்டோம். 266.